காற்றில் வெந்நீர் காயுமா? கடன் எடுக்கும் முன் ஒரு கணக்குப் பாடம்



தென்காசிப் பக்கம் உள்ள நம் குழுக்களுக்குக் காற்றாலை புதிதல்ல. சுரண்டை, ஆலங்குளம் சாலையில் பஸ்ஸில் போனாலே இரண்டு பக்கமும் காத்தாடிகள் சுற்றுவதைப் பார்க்கிறோம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும் காற்று நம் ஊர்க் காடுகளில் வந்து மோதுகிறது. "இவ்வளவு காத்து சும்மா போகுதே, நமக்கு ஒரு வாளி வெந்நீராவது தரக்கூடாதா?" என்று வாரக் கூட்டங்களில் பல அக்காமார் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்விதான். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதே.

இந்தப் பாடத்தை எழுத எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொன்னோம். அதற்கான தவணையை ஓர் உறுப்பினர் இருபது மாதம் பீடி சுற்றிக் கட்டினார். முதலில் அந்தக் கதையைச் சொல்கிறோம்.

நடந்தது என்ன?

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழு. அதில் ஓர் அக்கா. வீட்டில் மூட்டுவலிக்கார மாமியார், பேறுகாலத்துக்கு வந்திருந்த மகள், ஐ.டி.ஐ. முடித்து வேலை கிடைக்காத மகன். பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற, மகள் குளிக்க, மாமியார் காலுக்கு ஒத்தடம் கொடுக்க என்று தினமும் வெந்நீர் வேண்டும். சாரல் நேரத்தில் விறகு ஈரமாகிவிடும். அடுப்பை ஊதி ஊதி அக்காவுக்கு இருமல்.

ஒரு நாள் கூட்டத்தில் அவர் சொன்னார்: "மேடம், எம்மவன் வீட்டுலயே காத்தாடி செஞ்சிருதேன்னு சொல்லுதான். பழைய கார் டைனமோ இருக்காம். பைப்பை அறுத்து றெக்கை செஞ்சுருவானாம். அந்தக் கரண்டுல வெந்நீர் போடலாமாம். பதினெட்டாயிரம் இருந்தாப் போதும்."

எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒரு பெண் புதிய முயற்சிக்குக் கடன் கேட்கிறார், படித்த பையன் சொந்தமாகச் செய்கிறான், புகையும் குறையும். உடனே "நல்ல யோசனை" என்றோம். குழுவும் ஒப்புக்கொண்டது. உள்கடன் ரூ.18,000, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 20 தவணை என்று தீர்மான நோட்டில் ஏறியது. தண்ணீர் காய எவ்வளவு சக்தி வேண்டும், காற்று எவ்வளவு தரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சமூகப்பணி படித்த நாங்களும் கேட்கவில்லை.

காத்தாடி நின்றது. வைகாசி முடிய மெதுவாகச் சுற்றியது, தண்ணீர் காயவில்லை. ஆடி பிறந்தது. ஓர் இரவு பேய்க்காற்று. ஹீட்டர் காயிலுக்குப் போகும் ஒயர் கழன்றுவிட்டது. பாரம் இல்லாத காத்தாடி தறிகெட்டுச் சுற்றி, ஓர் இறக்கை பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்தின் மேல் விழுந்தது. ஓடுகள் உடைந்தன. ஆள், மாடு யாருக்கும் அடியில்லை. அது ராத்திரி. பகலாக இருந்தால் அந்தத் தொழுவத்தடியில்தான் பிள்ளைகள் விளையாடும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் கடன் மனுவில் கையெழுத்துப் போடும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பாடம் 1: ஒரு வாளி வெந்நீருக்கு எவ்வளவு சக்தி வேண்டும்?

பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் மட்டும்தான். வட்டிக் கணக்குப் போடுகிற உங்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். குளிக்க ஒரு வாளி என்றால் 15 லிட்டர். காலையில் 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் 20 டிகிரி ஏற்ற வேண்டும்.

15 × 20 = 300 கிலோ கலோரி.

மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஆக ஒரு வாளிக்கு 300-ஐ 860-ஆல் வகுத்தால் சுமார் 0.35 யூனிட். யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. இந்த 0.35 என்ற எண்ணை நோட்டில் எழுதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். விறகோ, கேஸோ, வெயிலோ, காற்றோ, எதில் காய்ச்சினாலும் தண்ணீர் கேட்பது இவ்வளவுதான்.

பாடம் 2: காற்று எவ்வளவு தரும்?

மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, காற்றின் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். அதனால்தான் மெல்லிய காற்றில் காத்தாடி சும்மா அலங்காரத்துக்குச் சுற்றுகிறது, பேய்க்காற்றில் தன்னையே உடைத்துக்கொள்கிறது.

இரண்டு, இறக்கை சுற்றும் வட்டம். வட்டத்தின் குறுக்களவு இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. சாலையோரம் நிற்கும் புதிய காற்றாலைகளில் ஓர் இறக்கையே 40 மீட்டருக்கு மேல் நீளம். வீட்டில் செய்வது குறுக்களவு 2 மீட்டர். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

மூன்று, காற்றில் இருப்பதையெல்லாம் பிடிக்க முடியாது. நூறு பங்கில் 59 பங்குக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டில் செய்த காத்தாடி 25 பங்கு எடுத்தாலே கெட்டிக்காரத்தனம்.

இந்தக் கணக்கில் 2 மீட்டர் காத்தாடி என்ன தரும்? காற்றை அளக்கக் கருவி இல்லாதவர்கள் மரத்தைப் பாருங்கள்.

- இலைகள் விடாமல் அசைகின்றன (விநாடிக்கு சுமார் 4 மீட்டர்): 30 வாட். ஒரு வாளிக்கு ஏறக்குறைய 12 மணி நேரம்.
- தெருப்புழுதியும் காகிதமும் பறக்கின்றன, சிறு கிளை ஆடுகிறது (6 மீட்டர்): 100 வாட். மூன்றரை மணி நேரம்.
- சின்ன மரங்களே ஆடுகின்றன (8 மீட்டர்): 240 வாட். ஒன்றரை மணி நேரம்.
- பெரிய கிளைகள் ஆடுகின்றன, கரண்டு கம்பி விசிலடிக்கிறது (11 மீட்டர்): 600 வாட். சுமார் 35 நிமிடம்.

முதல் வரியைத் திரும்பப் பாருங்கள். 12 மணி நேரத்தில் தண்ணீர் ஒரு பக்கம் சூடாக, மறுபக்கம் ஆறிக்கொண்டே இருக்கும். அதாவது காயவே காயாது. அந்த அக்கா வீட்டில் வைகாசியில் நடந்தது இதுதான். போதாததற்கு, கார் டைனமோ நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் ஒழுங்காகக் கரண்டு தரும். காத்தாடி மெதுவாகச் சுற்றுவது. இரண்டுக்கும் பொருத்தமில்லை. பையன் மேல் குற்றமில்லை, இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

பாடம் 3: வேறு ஊர்களில் எப்படிச் செய்தார்கள்?

ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு நாடு. 2001, 2002-இல் அங்கே கடும் பஞ்சம். பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடியாமல் வில்லியம் கம்குவாம்பா என்ற பையன் படிப்பை நிறுத்தினான். ஊர் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பார்த்து, பழைய சைக்கிள், டிராக்டர் ஃபேன், பிளாஸ்டிக் பைப், சைக்கிள் டைனமோ, மரக்கம்பங்கள் இவற்றை வைத்துக் காத்தாடி செய்தான். வீட்டில் விளக்கு எரிந்தது. அவர் கதை 2019-இல் சினிமாவாகவும் வந்தது.

கவனியுங்கள், எரிந்தது விளக்கு. அவருடைய டைனமோ 12 வாட். ராவும் பகலும் 24 மணி நேரம் நிற்காமல் சுற்றினாலும் 0.29 யூனிட்தான் வரும். நாம் வட்டம் போட்ட எண் 0.35. ஒரு நாள் முழுக்கச் சுற்றியும் ஒரு வாளித் தண்ணீர் காயாது! ஆனால் அதே 12 வாட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும். வெளிச்சத்துக்குக் கொஞ்சம் கரண்டு போதும், சூட்டுக்கு நிறைய வேண்டும். இந்த வித்தியாசம் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கடனே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஸ்காட்லாந்தில் ஸ்கோரைக் என்ற கடலோர ஊர். கரண்டு கம்பி போகாத இடம். படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். அங்கே ஹ்யூ பிகட் என்பவர் 1970-களின் கடைசியிலிருந்து கையால் காற்றாலை செய்து, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்து வந்தார். மரத்தில் செதுக்கிய இறக்கை, காந்தமும் செம்புக்கம்பியும் வைத்துச் செய்த டைனமோ. மெதுவாகச் சுற்றினாலே கரண்டு தரும்படி அதை அமைத்தார். அந்த முறையில் கரண்டு முதலில் விளக்குக்கும் பேட்டரிக்கும் போகிறது. பேட்டரி நிறைந்த பிறகு வரும் மிச்சக் கரண்டைத்தான் ஹீட்டருக்குத் திருப்புகிறார்கள். காத்தாடிக்கு எப்போதும் ஒரு பாரம் வேண்டும், பாரம் இல்லாவிட்டால் அறுத்துவிட்ட காளை மாதிரி ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் ஒயர் கழன்ற அந்த இரவில் நடந்தது அதுதான்.

டென்மார்க்கில் 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் மக்கள் தாங்களே காற்றாலை கட்ட ஆரம்பித்தார்கள். ட்விண்ட் என்ற இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து 1975-இல் தொடங்கி 1978-இல் ஒரு மாபெரும் காற்றாலையை ஓடவிட்டார்கள். அதே நாட்டில் சிலர் கரண்டே இல்லாமல், காத்தாடியின் தண்டை நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுத் துடுப்பால் கலக்கிச் சூடாக்கும் முறையையும் செய்து பார்த்தார்கள். கலக்கினால் சூடாகுமா என்று கேட்கிறீர்களா? மிக்சியில் மாவு அரைத்த கையோடு ஜாரைத் தொட்டுப் பாருங்கள். மாவு சூடாகி விடக்கூடாது என்று ஐஸ் தண்ணீர் விடுகிறோமே, அதே சங்கதிதான். ஜூல் என்ற ஆங்கிலேயர் 1840-களிலேயே தண்ணீரைத் துடுப்பால் கலக்கி இதை அளந்து காட்டினார்.

அவர்களுக்கு ஒத்துவந்தது, நமக்கு ஏன் ஒத்துவரவில்லை? அங்கே குளிர்காலத்தில்தான் காற்றும் அதிகம். வெந்நீர் வேண்டிய நேரமும் காற்று அடிக்கிற நேரமும் ஒன்றாக இருக்கிறது. நமக்குக் காற்று வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை. மார்கழி, தையில் பல்லைக் கிட்டும் குளிரில் வெந்நீர் தேடும்போது காற்று ஓய்ந்து கிடக்கும்.

பாடம் 4: கடன் கணக்கு

ரூ.18,000 கடன். மாதம் ரூ.900 அசல். முதல் மாத வட்டி ரூ.180, பிறகு மாதம் ரூ.9 குறையும். மொத்த வட்டி ரூ.1,890. ஆகக் கட்டியது ரூ.19,890.

காத்தாடி நன்றாகவே ஓடியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். காற்று மாதம் நான்கில் தினம் ஒரு வாளி என்றால் வருடம் 120 வாளி. ஒரு வாளிக்கு முக்கால் கிலோ விறகு, ஆக 90 கிலோ மிச்சம். கிலோ 8 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு ரூ.720. போட்ட பணம் திரும்ப 27 வருடத்துக்கு மேல் ஆகும்! கேஸ் கணக்கில் பார்த்தால் ஒரு வாளிக்கு சுமார் 45 கிராம். 120 வாளிக்கும் சேர்த்து அரை சிலிண்டர் கூட இல்லை.

பணக் கணக்கு மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. புகைக்கும் விலை உண்டு. வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த அக்காவின் இருமலும் உண்மை, வெந்நீர் தேவையும் உண்மை. தேவை சரி, வழிதான் சரியில்லை.

பாடம் 5: அப்படியானால் எது சரி?

வெயில். நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் நல்ல நாளில் விழும் வெயில் சுமார் 5 யூனிட். தகரத்தில் தட்டையான தொட்டி, வெளியே கறுப்புப் பெயிண்ட், அடியிலும் பக்கத்திலும் தேங்காய் நார் அடைத்த மரப்பெட்டி, மேலே கண்ணாடி, தெற்குப் பார்த்த சாய்வு. இதை நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால்கூட நான்கு வாளிக்கு மேல். பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் காலையிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றினால் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். கையால் பார்த்து, பச்சைத்தண்ணீர் விளாவியபிறகே பிள்ளைக்கு ஊற்ற வேண்டும். சாரல் மாதங்களில் மேகம் மூடிக்கிடந்தால் இது அரைகுறைதான், அதையும் சொல்லிவிடுகிறோம்.

கரண்டு. தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. ஹீட்டர் ராடில் தினம் ஒரு வாளி என்றால், வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் ஆகும். உங்கள் வீட்டுக் கார்டை எடுத்துப் பாருங்கள், இடம் இருக்கும். ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ராடு, எர்த் உள்ள மூன்று முனை பிளக், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை, பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. இந்த நான்கும் இல்லாவிட்டால் ராடே வேண்டாம்.

காத்தாடிதான் செய்வோம் என்று யாராவது ஆசைப்பட்டால் நாங்கள் தடுக்கவில்லை. விளக்குக்கும் செல்போன் சார்ஜுக்கும் செய்யுங்கள். ஆனால் இவற்றை மறக்காதீர்கள்:

- வீட்டின் மேல் கட்டாதீர்கள். விழுந்தால் ஆள் இல்லாத வெளியில் விழும்படி நடுங்கள். நான்கு பக்கமும் ஸ்டே கம்பி வேண்டும்.
- பக்கத்து மரம், வீட்டைவிட நன்றாக உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்த இடத்தில் காற்று சுழன்று இறக்கையை உடைக்கும்.
- பாரம் இல்லாமல் சுற்ற விடாதீர்கள். நிறுத்த ஒரு பிரேக், பேய்க்காற்றில் தானாக மடங்கிக்கொள்ளும் வால் இரண்டும் இருக்க வேண்டும்.
- மிச்சக் கரண்டில் தண்ணீர் காய்ச்சினால் தொட்டி திறந்திருக்க வேண்டும். மூடிய டிரம்மில் ஆவி அடைபட்டால் வெடிக்கும்.

நாங்கள் கற்றுக்கொண்டது

அந்த அக்காவிடம் நாங்கள் போய் "தப்பு எங்களுடையதும்தான்" என்றோம். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "வெந்நீருக்கா மேடம் கடன் வாங்குனேன்? விறகு பொறுக்கியே காலத்த ஓட்டிருவேன். எம்மவன் ரெண்டு வருஷமாத் திண்ணையில உக்காந்திருந்தான். அவன் கையில ஒரு வேலையக் குடுக்கணும்னுதான் வாங்குனேன்."

நாங்கள் வாயடைத்துப் போனோம். தீர்மான நோட்டில் "வெந்நீர்க் காற்றாலை" என்று எழுதியிருந்தோம். உண்மையான தேவை மகனுக்கு ஒரு பிழைப்பு. அதைக் கேட்டிருந்தால் பயிற்சிக்கோ, கருவிகளுக்கோ அதே தொகையைக் கொடுத்திருக்கலாம்.

பையன் சோர்ந்துவிடவில்லை. காத்தாடி நின்ற ஜி.ஐ. பைப்பை அறுத்து, வெயில் தொட்டிக்கு ஸ்டாண்டு அடித்தான். அவன் செய்த முதல் தொட்டி அந்த வீட்டு மொட்டை மாடியிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருவில் ஒருவர் கேட்டார், செய்து கொடுத்தான். இப்போது பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். உடைந்த ஓடுகளையும் அவனே மாற்றிக் கொடுத்தான். அக்கா இருபது தவணையையும் ஒரு மாதம் தவறாமல் கட்டி முடித்தார். கடைசித் தவணை அன்று குழுவே கைதட்டியது. எங்களுக்குக் கைதட்ட மகிழ்ச்சியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

உங்கள் அடுத்த கூட்டத்தில் பேச

புதிய கருவிக்குக் கடன் மனு வந்தால், கையெழுத்துக்கு முன் இந்த ஐந்தையும் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஊக்குநர் மட்டுமல்ல, எல்லோரும் கேட்க வேண்டும். நாங்கள் வந்து "நல்ல யோசனை" என்று சொன்னால் எங்களிடமும் கேளுங்கள்.

1. உண்மையான தேவை என்ன? வெளியே சொல்லாத தேவை ஏதாவது உண்டா?
2. தினம் எவ்வளவு வேண்டும், இது எவ்வளவு தரும்? எண்ணில் சொல்ல முடியுமா?
3. தேவைப்படும் மாதமும் அது ஓடும் மாதமும் ஒன்றா?
4. கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்? உடைந்தால் யார் மேல் விழும்?
5. இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா?

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் தினம் எத்தனை வாளி வெந்நீர் வேண்டும்? அதை 0.35-ஆல் பெருக்குங்கள். எதில் காய்ச்சுகிறீர்கள், அதற்கு மாதம் என்ன செலவு, யார் எத்தனை மணி நேரம் அடுப்படியில் நிற்கிறார்கள் என்று எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் சேர்ந்து பார்ப்போம்.